சுடச் சொன்னவர் எங்கே நிற்பார்?

“தங்கச்சி, சுட்டா உள்ள போறது நானா, கம்பெனியா?”

துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே செல்வம் அண்ணன் கேட்டார். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவர் காவலர். அங்கே காவலர்களை அனுப்பும் செக்யூரிட்டி கம்பெனியில் நான் சூப்பர்வைசர், வேலைக்குப் புதிது. அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பொறி தட்டியது. துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் குண்டுக்கு யார் பொறுப்பு?

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. செம்பனைப் பழக்குலைத் திருட்டு அதிகமாகி, தோட்ட மேனேஜர் அவரிடம் வாய்வார்த்தையாக உத்தரவு போட்டிருந்தார்: “ஓடுறவன் காலப் பாத்துச் சுடு. மத்தத கம்பெனி பாத்துக்கும்.”

செல்வம் அண்ணன் தோட்டாக்களைத் துப்பாக்கியில் போடாமல் இடுப்புப் பையில் வைத்திருந்தார். “கோவத்துல கை முந்திக்கும்லா. அதான்,” என்றார்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்பு என்று வாதாடலாம். குலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைச் சுட்டால் லைசன்ஸ் காப்பாற்றாது. சுடச் சொன்னவர் மேலும் வழக்கு வரலாம்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, அந்த உத்தரவை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன்.

மேனேஜர் சிரித்தார். “என்னம்மா, திருடனுக்கு லாயரா நீ?”

“இல்ல பாஸ். செல்வம் அண்ணனுக்கு லாயர் தேவைப்படக் கூடாதுன்னு பாக்குறேன்.”

“லைசன்ஸ்தான் இருக்குல்ல?”

“கார் லைசன்ஸ் இருந்தா ஆள் மேல ஏத்தலாமா, பாஸ்?”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மேனேஜர் முகம் இறுகியது. “கம்பெனி பாத்துக்கும்னு சொல்றேன்ல.”

“அப்ப ஓடுறவனச் சுடுன்னு உங்க பேர்ல எழுதிக் கொடுங்க. கேஸ் வந்தா ரெண்டு பேரும் சேந்தே போங்க.”

“லோக்காப்புக்குச் சோறு நான் கொண்டாறேன்லா,” என்றார் உரம் போடும் மாரியக்கா.

மேனேஜர் எழுதித் தரவில்லை. “சரி, ஓடுறவன விட்டுரு. வண்டி நம்பரப் பாத்து போலீஸுக்குப் போன் பண்ணு,” என்று செல்வம் அண்ணனிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மத்தியானமே எங்கள் செக்யூரிட்டி கம்பெனி முதலாளி அழைத்தார். “காண்ட்ராக்ட் போயிரும். போய் மன்னிப்புக் கேளு.”

“எதுக்கு பாஸ்? நான் கேள்விதான கேட்டேன்.”

மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மாதம் முடிந்ததும் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. ஒன்று தெரியும்: லைசன்ஸ் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கத்தான் அனுமதி. சுட்டதற்கு மன்னிப்புச் சீட்டு அல்ல. “கம்பெனி பாத்துக்கும்” என்று வாயால் சொல்பவர், கோர்ட்டில் நம் பக்கத்தில் நிற்க மாட்டார்.

தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டத்திலும் எங்கள் காவலர்களுக்கு இதே வாய்வார்த்தை உத்தரவுதானாம். திங்கட்கிழமை அந்தப் பெரட்டுக்குப் போகிறேன். செல்வம் அண்ணனுக்கு அன்று லீவு, அவரும் வருகிறார்.

“நீங்க சும்மா கூட நில்லுங்கண்ணே, நான் கேக்குறேன்,” என்றேன்.

“கேள்வி என்னோடது தங்கச்சி. நானே கேக்குறேன்.”