மெதுவாக்கா

“மெதுவா… மெதுவா… கிளட்ச்ச அப்படிப் பட்டுனு விடாதீங்க சார். தூங்குற கொழந்தைய தொட்டில்ல போடுற மாதிரி விடுங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் தன் வலது காலை பிரேக்குக்கு மேல் மிதக்க விட்டிருக்கிறார். ஓட்டுநர் பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருக்கும் பல் மருத்துவர் அதற்குள் கிளட்சை விட்டுவிட்டார். கார் ஒரு குலுங்கு குலுங்கி, நாற்சந்தியின் நட்டநடுவில் நின்றுபோகிறது. பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது. அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “அவங்களுக்கு ஹாரன் இருக்கு, அடிக்கிறாங்க. நீங்க சாவியத் திருப்புங்க.”

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மெதுவாக்கா. ஐம்பதை நெருங்கும் வயது, குட்டை உருவம், வெயிலில் கறுத்த ஒரு கை. ஜன்னல் பக்கம் இருக்கிற கை மட்டும். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள்தான். அவர் வேகமாகப் பேசி யாரும் கேட்டதில்லை, வேகமாக நடந்தும் யாரும் பார்த்ததில்லை. அவர் கணவரின் சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஆயிரம் குதிரைத் திறன் கொண்ட கார் ஒன்று நிற்கிறது, அதைக் கட்டியவர் இந்த அக்காதான் என்று சொன்னால், முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள்.

பார்த்தாலும் நம்ப மாட்டார்கள். சாம்பல் நிறத்தில், நாலு கதவு வைத்த, மாமாவோ சித்தப்பாவோ வைத்திருந்து விற்ற மாதிரி ஒரு பழைய கார். பின் டயர்கள் கொஞ்சம் பருத்திருப்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள்தான் கவனிப்பார்கள். பானெட்டைத் தூக்கினால்தான் சங்கதி தெரியும். ஒரு சின்னக் குழந்தை உள்ளே உட்காரலாம் போன்ற டர்போ. எஞ்சின் விடும் புகையின் விசையிலேயே சுழன்று, வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும் விசிறி அது. எவ்வளவு திணிக்கிறதோ அவ்வளவு சக்தி.

“வேகமா போற வண்டி கட்டுறது பெரிய விஷயமே இல்ல. அதுல காய்கறி வாங்கப் போறதுதான் பாடு” என்பார் அக்கா. அவர் ஓட்டுவது, இரண்டிரண்டு கார்களாக நேர்கோட்டில் சீறிப் பாயும் பந்தயம். மற்றவர்கள் பந்தயக் காரைக் கட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார்கள். இவருக்கு அது பிடிக்காது. சொந்தக் காலில் போக வேண்டும், ஓட வேண்டும், சொந்தக் காலில் வீடு திரும்ப வேண்டும். முதல் வருடம் ஒரு சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றபோதே வண்டி கொதித்து, ஆவி கிளம்பி, போக்குவரத்துக் காவலர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். மறுபடி ஒரு தடவை, லேசான தூறலில் பின் டயர் வழுக்கி, கார் சாலையோரப் பூங்காவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. ரேடியேட்டரை மாற்றி, இரட்டை விசிறி வைத்து, தெருவுக்குக் கொஞ்சம் சக்தி, பந்தயத்துக்கு முழுச் சக்தி என்று ஒரு திருகு வைத்து, வண்டியை வழிக்குக் கொண்டுவர வருடக்கணக்கில் ஆனது.

எஞ்சின் வேலைகளில் கூட நிற்பவர் கடைசல் பட்டறைக்காரர். அவருக்கு ஒரு மனக்குறை. “பின்சீட்டக் கழட்டிப் போட்டுருங்கக்கா. ஏசியத் தூக்கிருங்க. எடை கொறஞ்சா இன்னும் பறக்கும்.”

“பின்சீட்டக் கழட்டிட்டா எங்க மாமியார டிக்கியிலயா வச்சுக் கூட்டிட்டுப் போறது?”

மாமியார் கண் மருத்துவமனைக்குப் போவது இந்தக் காரில்தான். வண்டி கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே சுற்றிலும் இரும்புக் குழாய்கள் பொருத்தியிருக்கிறார்கள். அந்த அம்மா ஒரு குழாயை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நிம்மதியாக வருவார். “பஸ்ஸ விட இதுல கம்பி ஜாஸ்தி. பிடிச்சுக்க வசதியா இருக்கு.”

பின் பம்பரில் ஒரு பாராசூட் தொங்குகிறது. பந்தய வேகத்தில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது என்பதால் பந்தயம் நடத்துபவர்கள் வைத்த விதி. அதை மடிப்பது கணவர். துணி மடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கயிறு சிக்காமல், மடிப்பு கலையாமல், மாப்பிள்ளைச் சட்டையைப் பெட்டியில் வைப்பதுபோல் வைப்பார். வைத்து என்ன பயன்? ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் அது மடித்தபடியே திரும்பி வந்தது. பாராசூட் விரிய வேண்டிய வேகத்தை அக்கா ஒருநாளும் தொடவில்லை.

எங்கே கோளாறு என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எஞ்சினைப் பிரித்தார்கள், கியர்பெட்டியைப் பிரித்தார்கள். கடைசியில் பட்டறைக்காரர், காரின் கணினியில் பதிவாகியிருந்த கோடுகளைப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

“வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா. பாதி தூரம் தாண்டுனதும் ஆக்ஸிலேட்டர் தானா மேல வருது. ஒவ்வொரு ஓட்டத்துலயும் அதே எடம். நீங்கதான் கால எடுக்குறீங்க.”

“நான் எடுக்கலையே!” அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. அப்புறம் தன் வலது பாதத்தைக் குனிந்து பார்த்தார். ஊரார் செய்யும் தப்புக்கெல்லாம் நாள் முழுக்க பிரேக்கைத் தேடும் கால். அவரைக் கேட்காமலே அது எழும்பியிருக்கிறது. அதன் பிறகு சில வாரங்கள் கொட்டகைப் பக்கமே அவர் போகவில்லை. காய்கறிக்கும் நடந்தே போனார்.

இந்த வருடப் பந்தயத்துக்கு அக்காவின் பெயரைக் கொடுத்தது கணவர்தான். கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில்தான் பந்தயம். வெயில் இதமாக இருந்த ஒரு காலை. வழியில் சிக்னல், நெரிசல், பள்ளிக்கூடத்து வேன்கள் எல்லாவற்றையும் தாண்டி, கார் துளியும் கொதிக்காமல் போய்ச் சேர்ந்தது. அக்கா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். கணவர் பாராசூட் பையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஜன்னல் ஓரமாக வந்து குனிந்தார்.

“மறுபடி கால எடுத்துருவேங்க” என்றார் அக்கா.

“ஏன் எடுக்கணும்?”

“நிக்கலைன்னா?”

“நிறுத்துறது என் வேல. அதுக்குத்தான் மடிச்சு வச்சிருக்கேன். போறது மட்டும்தான் உன் வேல.” சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல் நகர்ந்துவிட்டார்.

பச்சை விளக்கு எரிந்ததும் கார் முன்சக்கரத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பக்கத்துத் தடத்தில் சிவப்புக் கார் ஒன்று. பாதி தூரம் வந்தது. அக்காவின் கால் கிளம்பத் துடித்ததை அவர் முதல்முறையாக உணர்ந்தார். முழங்காலில் ஒரு வெட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அங்கேயே மிதித்துப் பிடித்தார். வேலி, கம்பம், ஆட்கள் எல்லாம் கரைந்து ஒரே கோடாகின. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கை தானாகப் போய் பாராசூட் நெம்புகோலை இழுத்தது. பெல்ட் இரண்டு தோளையும் அழுத்த, கார் காற்றில் சாய்ந்துகொண்டது போலத் தணிந்து, தணிந்து, நின்றது.

அவரால் உடனே இறங்க முடியவில்லை. ஒருவழியாக இறங்கி, ஓடுதளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். யார் ஜெயித்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. பட்டறைக்காரர் அந்தக் கடைசியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு கத்திய கத்தலில்தான், பலகையில் ஜெயித்தவருக்கான விளக்கு தன் பக்கம் எரிவதைக் கவனித்தார். கணவர் பட்டறைக்காரருக்கும் முன்னால் ஓடி வந்து சேர்ந்திருந்தார், மூச்சு வாங்க. நேராகப் பாராசூட்டிடம் போனார். தரையில் கிடந்த துணியைத் தூக்கி உதறினார்.

“இவ்வளவு தூசியா! நல்லா விரிஞ்சுதா?”

“விரிஞ்சுது.”

“அழகா விரிஞ்சுதா?”

“எனக்கெப்படித் தெரியும்? எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?” என்றார் அக்கா. சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது. கணவர் அதைப் பார்க்காததுபோல், கயிறுகளை விரல்களில் கோத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மாலை வெயிலில் வீடு திரும்பினார்கள். திருகு குறைந்த பக்கம் இருந்தது, ஏசி ஓடியது. நகரத்துக்குள் நுழைவதற்குள் கணவர் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அவர் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வளைவு தாண்டியதும் ஒரு வேகத்தடை. அக்கா வண்டியை நடைவேகத்துக்கு இறக்கினார். ஸ்டியரிங்கைச் சற்றே ஒடித்து, ஒரு சக்கரம், பிறகு இன்னொரு சக்கரம் என்று கோணலாக ஏற்றி இறக்கினார், அந்தத் தலை கண்ணாடியில் இடிக்காதபடி.