வட்டு எறியும் கொட்டிலுக்குள் என் மகள்

மூன்று கிழமை ஆகிவிட்டது. கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற எண்ணமும் எனக்கில்லை.

என் மகளுக்குப் பதினேழு வயது. பறக்கும் களிமண் வட்டுகளைத் துவக்கால் சுடும் விளையாட்டில் அவளுக்குப் பைத்தியம். நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடினால், லண்டன் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் அந்தக் கழகம். கார்களை விடுவதற்குச் சேற்று நிலம், அலுவலகமாக மாற்றிய ஒரு கொண்டெய்னர், தேநீர் விற்கும் தகரக் கொட்டகை, சரியாகப் பூட்டாத இரண்டு பிளாஸ்டிக் கழிப்பறைகள். ஐந்து பேர் வரிசையாக நின்று சுட ஒரு சீமெந்துத் தளம். அதற்குப் பதினைந்து மீற்றர் முன்னால், பாதி நிலத்துக்குள் புதைந்த கொட்டில். அதற்குள் இருக்கும் இயந்திரத்தின் இரும்புக் கைதான் வட்டுகளை வானில் வீசும்.

நான் துவக்குக்குப் பயந்தவள். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் அது விளையாட்டுச் சாமான் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தேநீர்க் கொட்டகை வாசலில் நின்று, எந்தத் துவக்கு வெடிக்க முடியாதபடி மடித்துத் திறந்திருக்கிறது, எது சுடத் தயாராக மூடியிருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். துவக்கு விஷயத்தில் கழகத்தார் கவனமானவர்கள்தான். வட்டு எறியும் கொட்டிலை நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

மைதானத்துக்குப் பொறுப்பானவர் எழுபது வயது வெள்ளைக்காரர். முதல் நாளே மகளிடம் சொன்னேன்: "வயசான மனுசனைப் பேர் சொல்லிக் கூப்பிடாதை. அங்கிள் எண்டு சொல்லு." அவருக்கு அது நன்றாகவே பிடித்துப்போனது. வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்க, கோப்பை கழுவ, கடைசியில் கொட்டிலுக்குள் இறங்கி வட்டு அடுக்க, எல்லாவற்றுக்கும் என் மகள்.

அன்று வட்டுகள் தீர்ந்தன. "ஓடிப்போய் அடுக்கிவிடு செல்லம், மெஷின் நிறுத்தியாயிற்று" என்றார். மெஷின் நிறுத்தப்படவில்லை. உள்ளே ஆள் இருந்தால் ஏற்ற வேண்டிய சிவப்புக் கொடியையும் அவர் ஏற்றவில்லை. தளத்தில் நின்ற யாரோ வட்டு வீசும் பொத்தானை அழுத்தினார். இரும்பு அடிபடும் சத்தம், உடனே அவளுடைய அலறல். நான் சேற்றில் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். ஜாக்கெட்டின் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்திருந்தது. தோல் உரிந்து, கை நீலமாக வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை. இன்னும் ஓர் அங்குலம் உள்ளே இருந்திருந்தால் விரல்கள்...

அந்தப் பொறுப்பானவர் சிரித்துக்கொண்டு வந்தார். "ஒன்றும் ஆகவில்லையே! கெட்டிக்காரி."

மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "நிறுத்தியாயிற்று என்றீர்கள். நிறுத்தவில்லை. கொடியும் ஏற்றவில்லை."

அப்போது நான் செய்ததை எப்படி எழுதுவது? அவளைத்தான் அதட்டினேன். "பிள்ளை, பெரியாக்களோட அப்பிடிக் கதைக்காதை!" பின்னாலேயே ஓடி வந்த என் கணவர் ஒரு படி மேலே போய், அந்த மனிதரின் கையைக் குலுக்கி நன்றியும் சொன்னார்.

காரில் கணவருக்குப் பகிடி வேறு. "கை இருக்குதுதானே. ரண்டு நாளைக்குக் கரண்டியால சாப்பிடட்டும்."

"வாயை மூடுங்கோ."

பின்னாலிருந்து மகள் பேசினாள். "அம்மா, உள்ளுக்குப் போகேக்கையே எனக்குப் பயமா இருந்தது. ஷுவரா நிப்பாட்டினீங்களோ எண்டு கேக்க நினைச்சன். அங்கிள், அங்கிள் எண்டிட்டு எப்பிடிக் கேக்கிறது? பிறகு கேட்டன். நீங்க என்னைத்தானே ஏசினீங்க."

நான் வளர்த்த வளர்ப்பு அவளைப் பேசாமல் கொட்டிலுக்குள் இறக்கியிருக்கிறது. அந்த மனிதர் மேலிருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே என் பக்கம் திரும்பியது.

"காரைத் திருப்புங்கோ."

"ஏனப்பா? நாளைக்கு ஒரு போன் எடுப்பம்."

"திருப்புங்கோ எண்டுறன்!"

கொண்டெய்னருக்குள் போய் அந்த மனிதரிடம் விபத்துப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். "இந்தச் சின்னக் கீறலுக்கா?" என்றார். நான் நகரவில்லை. மேசை லாச்சியைத் திறந்து எடுத்தார். இரண்டே வரி எழுதினார்: மெஷின் மேல் தவறுதலாக உரசிக்கொண்டாள், சிறு கீறல். புத்தகத்தை மகளிடம் தள்ளினார். "கையெழுத்துப் போடு செல்லம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"போட்டுவிடு பிள்ளை, மழையும் வருது" என்றார் கணவர்.

அவள் பேனாவை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருடப் பழக்கம் என் வாய்வரை வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினேன்.

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "இல்லை. நான் உரசவில்லை. நடந்ததை எழுதுங்கள்."

அவருடைய காதுகள் சிவந்தன. அந்த இரண்டு வரியையும் வெட்டிவிட்டு, கீழே எழுதத் தொடங்கினார். அவள் உட்காரவில்லை. வீங்கிய கையை மற்றக் கையால் தாங்கியபடி, அவர் எழுத எழுத ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டு நின்றாள்.