அடுத்த மேடையில் சொல்லிவிடுகிறேன் என்றவர்

செய்தி வந்தபோது பழங்காநத்தம் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அலைபேசியில் ஒச்சப்பன் அண்ணனின் பெயர். முந்தின இரவு செக்கானூரணிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் பேசப் போயிருந்தார். எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. கூட்டம் எப்படி இருந்தது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "சொல்லுங்கண்ணே, கைத்தட்டல் எம்புட்டு?" என்றேன். பேசியது அவர் மனைவி செல்வி மதினி. "ஒங்க அண்ணன் போயிட்டாக டீச்சர்" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது.

மதுரையைச் சுற்றித் திருவிழா மேடைகளில் பட்டிமன்றம் கேட்டவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பகலில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர், மாலையானால் மேடை. கணவன் கட்சிக்கு அவர் என்றால் மனைவி கட்சிக்கு நான். சொந்த ஊரா வந்த ஊரா என்றாலும் நாங்கள் எதிரெதிர்தான். அவர் சொன்னதை மறுப்பது என் பிழைப்பு, என்னை மறுப்பது அவருடையது. மேடையை விட்டு இறங்கியதும், "வா தங்கச்சி, காப்பி குடிப்போம். தொண்டை கிழியத் திட்டிருக்க" என்பார்.

ஆரம்ப வருடங்களில் அவருக்குக் கனத்த உடம்பு. விழாக்குழுவினர் அவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் இன்னொன்றைச் செருகிப் போடுவார்கள். ஒற்றை நாற்காலி பல ஊர்களில் கால் பிளந்த அனுபவம் எல்லோருக்கும் இருந்தது. அவரும் அதை வைத்தே ஆரம்பிப்பார். "நடுவர் அவர்களே, உங்களுக்கு ஒரு பதவிதான். எனக்கு ரெண்டு." கூட்டம் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். இறங்கும்போது படிக்கட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சு வாங்குவது கூட்டத்துக்குத் தெரியாது.

சர்க்கரை ஏறிப்போய், முட்டி தேய்ந்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரவே மருத்துவர்கள் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யச் சொன்னார்கள். இரைப்பையைச் சிறிய பையாக்கி, குடலை அதோடு இணைத்துவிடுவது. அண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்தில் காசி யாத்திரை என்று விடுப்பு எழுதிக் கொடுத்தார். யாத்திரை போய் வந்தால் தீர்த்தம் கொடுக்க வேண்டுமே. மதினி கோயில் கடைத்தெருவில் மூடி அடைத்த சின்னச் செம்புகளை வாங்கி வந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார். என் வீட்டுப் பூஜை அலமாரியிலும் ஒன்று இருக்கிறது.

பிறகு அவர் இளைக்க இளைக்க ஊர் கேட்க ஆரம்பித்தது. காசிக் கதை இதற்குப் போதாது. "நடந்தேன். திருப்பரங்குன்றம் மலையைச் சுத்திச் சுத்தி நடந்தேன், வேறென்ன" என்றார். மேடையில் அது நன்றாக எடுபட்டது. நாற்காலியை இரண்டாகப் போட்ட ஊர்களில் ஒன்றை உருவிக் கீழே கொடுத்து, "இது இனிமே ஒங்களுக்கு" என்பார். பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் உடம்பைக் குறைப்பது எப்படி என்று பேசக் கூப்பிட்டார்கள். வாழ்த்துச் சுவரொட்டிகளில் 'நடந்தே மலையைக் கரைத்த நாவலர்' என்று போட்டார்கள்.

அந்த அறுவை சிகிச்சையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அது அவருக்கு நல்ல வருடங்களைக் கொடுத்தது. சர்க்கரை மாத்திரை நின்றது, யார் தோளையும் பிடிக்காமல் மேடை ஏறினார். ஆனால் சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்க விடக்கூடாது, வருடா வருடம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் அவருடைய ரசிகர். அவரிடம் வாங்கினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று அவனியாபுரம் வரை ஷேர் ஆட்டோவில் போய் வாங்கினார். பிறகு அதிலும் ஒரு சலிப்பு. உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

பந்தியில்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. நம் பக்கம் பேச்சாளரை வயிறு நிறைய வைக்காமல் அனுப்புவது ஊருக்கு இழுக்கு. ஒருமுறை விருந்து வைத்த வீட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டு பாயசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தார். அண்ணனால் மறுக்க முடியவில்லை. காரில் திரும்பும்போது சட்டை நனைய வேர்த்துக் கை நடுங்கியது. அந்த சிகிச்சை செய்தவர்களுக்கு இனிப்பு உள்ளே போனால் சர்க்கரை சரசரவென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கிவிடுகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு பந்தியில் என் பக்கத்தில்தான் உட்காருவார். பரிமாறுகிறவர் நகர்ந்ததும் கறியை என் இலைக்குத் தள்ளிவிட்டு, தன் இலையைச் சட்டென்று மூடிவிடுவார்.

அடுத்து கால். பாதத்தில் உணர்வு போய்விட்டது. செருப்பு கழன்றது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு நடப்பார். மேடையில் தள்ளாடினார், மைக்கைப் பிடித்து நின்றார். ஊர் வாய் சும்மா இருக்குமா? குடித்துவிட்டு வருகிறார் என்று கிளப்பிவிட்டார்கள். வெற்றிலை கூடப் போடாத மனிதர். கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர்களில் சில கூப்பிடுவதை நிறுத்தின. மதினி அழுது பிடித்துப் பெரிய மருத்துவரிடம் இழுத்துப்போன பிறகுதான், சத்தில்லாமல் நரம்பு கெட்டிருப்பது தெரிந்தது. ஊசி போட்டார்கள். நடை ஓரளவு தேறியது. பாதம் தேறவில்லை.

எனக்கு அவர் உண்மையைச் சொன்னது அவனியாபுரம் மேடைக்குப் பிறகு. அங்கே இட்லிக்கடை வைத்திருக்கும் மாரியம்மாள் என்ற பெண், கனத்த உடம்பு, கூட்டம் கலைந்ததும் அவரிடம் வந்தார். "அண்ணே, நீங்க சொன்னீகன்னு நானும் ஒரு வருசமா மலையைச் சுத்துறேன். விடியுமுன்ன போயிட்டு வந்துதான் அடுப்பே பத்த வைக்கிறேன். எனக்கு மட்டும் ஏண்ணே குறையல? நான் என்ன தப்புப் பண்றேன்?" என்று கேட்டார்.

 அண்ணன் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார். அவனியாபுரம் தாண்டியதும் எல்லாவற்றையும் சொன்னார். காசி, செம்பு, மாத்திரை, எல்லாம். "வயிறைத்தான் சின்னதாக்குனாக தங்கச்சி. எனக்கு வாயும் சேர்ந்து சின்னதாப் போச்சு. அந்தப் பொம்பள முகத்தப் பாத்தியா? அது தன்னையில்ல குறை சொல்லிக்கிட்டு நிக்குது." பிறகு, "அடுத்த மேடையில சொல்லிருவேன். நீ எனக்கு எதிர்ல இருப்பல்ல, நான் பம்முனா எடுத்துக் குடு" என்றார்.

அடுத்த மேடை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று என்னைப் பார்ப்பார். நானும் காத்திருப்பேன். விழாக்குழுத் தலைவர் பொன்னாடையோடு 'நடந்தே மலையைக் கரைத்தவர்' என்று ஆரம்பித்திருப்பார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? "அடுத்த மேடை" என்பார் இறங்கும்போது.

கடைசி நாள் சாயங்காலமே வயிறு வலித்திருக்கிறது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். பேசி முடித்ததும் சுருண்டுவிட்டார். குழுக்காரர்கள் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். முன்பு வயிற்றில் ஏதும் ஆபரேஷன் உண்டா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டிருக்கிறார். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சற்று முன்னால்தான் அவருக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள். அண்ணன் இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். மதினி போய்ச் சேர்ந்து உண்மையைச் சொல்லி, மதுரைக்குக் கொண்டுவந்து வயிற்றைத் திறந்து பார்த்தபோது, உள்ளே ஓர் இடுக்கில் குடல் நுழைந்து முறுக்கிக் கறுத்துப்போயிருந்தது. இந்த சிகிச்சைக்குப் பின் எத்தனையோ வருடம் கழித்தும் இப்படி வரலாம், முதலிலேயே தெரிந்திருந்தால் விடுவித்துப் பார்த்திருக்கலாம் என்றார்கள். இதை எழுதும்போது எனக்கு அவர் மேல் கோபமாக இருக்கிறது. அழுகையை விடக் கோபம்தான் அதிகம்.

காரியம் முடிந்த பிறகு அவனியாபுரத்தில் நினைவுக்கூட்டம் வைத்தார்கள். மதினி என்னைத் தனியே கூப்பிட்டார். "டீச்சர், நான் சொன்னா துக்கத்துல ஏதோ பேசுறான்னுவாக. நீங்கதான் அவுகளுக்கு எதிர்க்கட்சி. இம்புட்டு வருசம் அவுக சொன்னத மறுத்தது நீங்கதான். இதையும் நீங்களே மறுத்துச் சொல்லிருங்க."  

மேடையில் வழக்கமான என் இடத்தில் நின்று, வழக்கமான குரலில்தான் ஆரம்பித்தேன். "ஒச்சப்பன் அண்ணன் நடந்து மெலியவில்லை." பழக்கதோஷத்தில் கூட்டம் லேசாகச் சிரித்தது. நானும் பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். அவரை மறுத்ததும் கொஞ்சம் நிறுத்துவேன். அந்த நேரத்தில் அவர் எழுந்து, "நடுவர் அவர்களே, தங்கச்சிக்குப் பசி" என்று ஏதாவது போடுவார். எதிர்ப்பக்கம் அவர் படம் மாலையோடு இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. அதன் பிறகு மிச்சத்தைச் சொன்னேன். அறுவை சிகிச்சையில் அவமானம் எதுவுமில்லை என்று சொன்னேன். செய்துகொண்டவர்கள் மாத்திரையை விடாதீர்கள், வயிறு வலித்தால் கேட்கும் டாக்டரிடம் மறைக்காதீர்கள் என்று சொன்னேன்.

இறங்கும்போது படிக்கட்டடியில் மாரியம்மாள் நின்றிருந்தார். "அப்ப என் மேல தப்பு ஒண்ணும் இல்லையா டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "அண்ணே எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம். நான் என்ன நெனைக்கப் போறேன்? உசுரோட இருந்துருப்பாகள்ல."

பூஜை அலமாரியில் இருக்கும் காசிச் செம்பை நான் எடுக்கவில்லை. அதில் இருப்பது எந்த ஊர்த் தண்ணீர் என்று தெரிந்தாலும், அண்ணன் கொடுத்தது. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவல்ல. மேடையில் ஒன்றை மறுத்துவிட்டு அவர் பதிலுக்காக நிறுத்துவேனே, அந்தக் கொஞ்ச நேரம்தான். இப்போது என் எதிரில் யார் யாரோ பேசுகிறார்கள். அவர்கள் யாரும் அந்த நேரத்தில் எழுந்து எதுவும் போடுவதில்லை. நான் இன்னும் நிறுத்துகிறேன்.