கோணல் வளைவுப் பாலத்தில் ஒரு சனிக்கிழமை

2006 அக்டோபர். காலை எட்டரை மணிக்கு ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் ரயில் ஏறினோம். என்னை அழைத்துப் போனவன் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரன், திருச்சியில் என்னோடு சிவில் இன்ஜினியரிங் படித்தவன். கணக்குப் பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதித் தேறியவன். இப்போது லண்டனில் பழைய பாலங்களைப் பராமரிப்பதுதான் அவன் வேலை. நானும் பாலப் பொறியாளன்தான், தமிழ்நாட்டில். பத்து நாள் விடுப்பில் அவன் வீட்டில் தங்கியிருந்தேன்.

ஒன்பதரைக்கு இறங்கி, பத்து நிமிடம் நடந்தோம். லண்டனில் ரயில் பாதைமேல் செங்கல் பாலங்களே அதிகம். அவன் பராமரிக்கும் இந்தப் பாலம் முழுக்க மணற்கல். விக்டோரியா அரசி காலத்தது. நடு வளைவின் கீழே ரயில்கள், பக்கத்துச் சிறு வளைவின் கீழே நடைபாதை. அதற்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

மேலே போகும் சாலை தண்டவாளத்தை நேராக வெட்டாமல் சாய்வாகக் கடக்கிறது. அதனால் வளைவின் கல்வரிசைகளும் திருகாணியின் மரைபோலச் சுற்றி ஏறுகின்றன. ஒவ்வொரு கல்லையும் அதற்குரிய முறுக்கோடு செதுக்கியிருக்கிறார்கள். இந்த வகைக் கோணல் வளைவை வரைந்து வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"வரைபடம் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஓம் மச்சான். ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் இருக்கு."

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு குறையாவது கிடைக்காதா என்று சுவரைத் துழாவினேன். கிடைத்தது. இடுப்பளவு உயரத்தில் நாலைந்து கற்களின் முகம் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"சுண்ணாம்புச் சாந்துக்குப் பதிலா யாரோ சிமெண்ட் பூசியிருக்கான். ஈரம் வெளியேற வழியில்லாம கல்லு உரியுது. எந்த முட்டாள் செஞ்சான்?"

"நான்தான்," என்றான் சிவநேசன். "வேலைக்கு வந்த புதுசில செய்தனான். ஒவ்வொரு மாரிக்கும் வந்து பாக்கிறனான். அடுத்த வருசம் முழுக்கச் சுரண்டி எடுக்கப்போறன்."

தலை நிமிர்ந்தே சொன்னான். தன் பிழையைத் திருத்த அவனுக்குப் பாலம் இன்னும் நிற்கிறது. அதுதான் என்னை மிகவும் சுட்டது.

"உங்கட பக்கத்தில இப்பிடி ஒண்டு இருக்கோ?"

"இருந்துச்சு. ரயில் பாதைமேல, மூணு வளைவு. தாங்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடிச்சுட்டாங்க."

"உண்மையிலேயே தாங்காதோ?"

"தெரியாதுடா. சோதிக்கவே இல்ல. மேலதிகாரி அவசரப்பட்டார். எனக்கும் புதுப் பாலம் கட்டுற ஆசை."

 சிவநேசன் பையிலிருந்து ஒரு சிறு சுத்தியலை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நீ தட்டு. நான் எழுதுறன்."

பன்னிரண்டு மணிவரை வரிசை வரிசையாகத் தட்டினேன். நல்ல கல் கணீரென்றது. உள்ளே விரிசல் விட்ட கல் பொத்தென்றது. அவன் நம்பரைக் குறித்துக்கொண்டே வந்தான். அவன்மேல் இருந்த பொறாமை கடைசிவரை குறையவில்லை. அந்தக் கையெழுத்துக்கு முன் ஊரில் ஒரு கல்லையாவது இப்படித் தட்டிக் கேட்டிருக்கலாம்.