அத்தை ஆக்கிய அரிசியும் பருப்பும்

பல்லடத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். விசைத்தறிகள் ஓடினால் யார் எது சொன்னாலும் பாதிதான் காதில் விழும். அன்றைக்குப் பேச்சுவார்த்தை என்பதால் அப்பா தறிகளை நிறுத்தியிருந்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. தலை ஆடிக்குக் காங்கேயத்திலிருந்து வந்தவள் ஆவணி முடிந்தும் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் வாசலைத்தான் பார்ப்பாள், காரணம் சொல்லமாட்டாள். கூட்டிப்போக மாமாவும் அவருடைய அண்ணனும் வந்திருந்தார்கள்.

"பேசி முடிக்காம கை நனைக்க மாட்டோமுங்க" என்றார் அண்ணன்.

காரணம் சொல்லாதவளுக்காக அப்பா என்னத்தைப் பேசுவார்? "பொழுதோட அனுப்பி வெச்சுப்போடறனுங்க" என்றார். அதற்கப்புறம்தான் இலை போட்டோம்.

சமைத்தது அத்தை. அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். கிளறும்போது அவள் கரண்டி பாத்திரத்தில் படவே இல்லை.

முதல் வாய் இறங்கியதும் அந்த அண்ணன் வாசலைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். யாரும் வரவில்லை. உப்புப் பார்த்த அம்மா தோளைக் குறுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். மெல்லுகிற சத்தம்கூட எழும்பாமல் எல்லோரும் எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொண்டுவந்த தண்ணீர் டம்ளர் நழுவி விழுந்தது. அத்தனை தறி இரைச்சலுக்கும் அசையாத அப்பா கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். அந்த அண்ணனும் அப்படியே. அடுக்களையில் ஒரு வாய் தின்றிருந்த எனக்கும் முதுகு வியர்த்துச் சில்லிட்டது. காரம் என்று நினைத்தேன்.

மாமா மட்டும் நிதானமாகப் பிசைந்து உண்டார்.

"நெய் ஊத்து புள்ள."

அத்தை ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்பா பாதிச் சோற்றில் இலையை மூடினார். "அம்மணி வரமாட்டாளுங்க மாப்பிள்ளை."

"ஏனுங்க, இப்பத்தான சரின்னீங்க?"

"தின்னது போதும், எந்திரிடா" என்றார் அவருடைய அண்ணன். அத்தை நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவர்கள் போனதும் தறிகள் மறுபடி ஓடின. அத்தை எங்களோடு இருந்துவிட்டாள்.

அன்று அந்த வீட்டில் துளியும் பயப்படாதவர் மாமா ஒருவர்தான். எங்கள் மாமா எவ்வளவு தைரியசாலி என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்டவரை அத்தை எதற்கு வேண்டாமென்றாள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.