யெல்லேயின் ஒரே கோல்

கேன்டீனுக்குள் நுழையுமுன் யெல்லே போஸ்ட்மா இரண்டு ஷூக்களையும் மைதானத்தின் வெள்ளைக்கோட்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கால்பந்தில் ஓரமாகவே ஓடும் விங்கர் என்றால் ஷூவில் கோட்டுச் சுண்ணாம்பு ஒட்டியிருக்க வேண்டும், ஓரக்கோட்டை விட்டு உள்ளே வரக் கூடாது என்பது அவர் காலத்துப் பயிற்சியாளர்களின் வேதம். இங்கே செயற்கைப் புல் போட்டு ஒன்பது வருடமாகிறது. கோடும் அதிலேயே நெய்ததுதான். தேய்த்தால் ஷூதான் தேயும். அது இன்னும் அவருக்கு உறைக்கவில்லை.

வயது அறுபத்தெட்டு. நாட்டின் மேல்மட்ட லீக்கில் நாற்பத்தொரு ஆட்டம், ஒரே ஒரு கோல். பிறகு முழங்கால் போய், பெல்ஜியத்தில் ஏதோ ஒரு சின்னக் கிளப், அதன்பின் ஓய்வுபெறும்வரை குளியலறை ஓடு விற்பனை. பின்னால் ஓடி வந்து எதிரியைத் தடுத்தார் என்று அவர் மேல் யாரும் பழி சொல்ல முடியாது. எல்லோரும் முறைவைத்துத் தட்டு கழுவும் எங்கள் கிளப்பில், இவர் மட்டும் கதவோரம் நின்று, "நான் ஓரத்து ஆளும்மா, நடுவுல வந்தா எனக்கு ஆட்டமே வராது" என்பார். இருபது வருடமாகக் கவுண்டரில் நிற்கும் நான்தான் அவர் தட்டையும் கழுவுகிறேன்.

அந்தக் கோல் கதை எனக்கு மனப்பாடம். "கீப்பர் ரெண்டடி முன்னால நின்னான். பார்த்தேன். அவன் தலைக்கு மேல தூக்கிப் போட்டேன். வேணும்னே."

போன சனிக்கிழமை அதற்குச் சோதனை வந்தது. கிளப்பின் நூற்றாண்டு மலருக்குப் படக்குறிப்பு எழுதுபவர் கோஸ்ஸே. அந்தக் கோல் விழுந்த ஆட்டத்தில் யெல்லேயின் அணியில், கோல் முன்னால் நின்று பந்தை வாங்கும் சென்டர் ஃபார்வர்டு. கோல் படத்தின் கீழ் 'வழிதவறிய கிராஸ்' என்று எழுதியிருந்தார்; அதாவது கோலுக்கு அடித்ததல்ல, ஓரத்திலிருந்து கூட்டாளிக்குத் தூக்கிப் போட்ட பந்து.

யெல்லேயின் முகம் சுண்டிவிட்டது. "அதை அழிச்சிடு கோஸ்ஸே. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"நீ எனக்குத்தான் போட்ட. தலையால முட்ட எம்பினேன், பந்து என்னையும் தாண்டிப் போயிடுச்சு. இத்தனை வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அச்சுல பொய் எழுத மாட்டேன்."

"அது ஷாட்டுடா."

"அப்ப அடிச்சுக் காட்டு. ஷாட்டுன்னு தெரிஞ்சா அழிச்சிடறேன்."

மேசைகளை ஒதுக்கினார்கள். இரண்டு நாற்காலிகள் கோலாயின. கோஸ்ஸே கீப்பராக அல்ல, அன்றுபோலவே பந்தைத் தலையால் முட்டுகிறவராக அவற்றுக்கு முன்னால் போய் நின்றார். மனிதர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை மறைப்பானேன்.

யெல்லே பந்தைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு ஓடினார். இடது காலை வீசுமுன் தலை தானாக நிமிர்ந்தது. கண்கள் நாற்காலிகள் பக்கம் போகவே இல்லை. கோஸ்ஸே எங்கே நிற்கிறார் என்று தேடின.