சரிவுக்குப் போர்த்திய துணி

செலின் குஷாய்குடாவில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். மௌலா அலியில் ஒரு காலனிக்காரர்கள், வண்டி நிறுத்துவதற்காக வெட்டிய மேட்டுக்குச் சிமெண்டுச் சுவர் எழுப்பப் பேசிக்கொண்டிருந்தபோது, வேறு வழி சொன்னவள் அவள்தான். சணல் மாதிரியான ஹெம்ப் செடியின் நாரில் நெய்த முரட்டு வலைத்துணி. புல் விதைத்து, அதன்மேல் இதை மண்ணோடு ஒட்ட விரித்து, முளையடிக்க வேண்டும். வேர் பிடிக்கும்வரை துணி மண்ணைத் தாங்கும்; பிடித்த பிறகு மக்கி அந்த மண்ணுக்கே உரமாகும்.

"பிளாஸ்டிக் வலையில பாம்பும் ஓணானும் மாட்டிச் சாவுது மேடம். அது மக்கவும் மக்காது" என்றாள். சங்கச் செயலாளர் மைதிலி அரைமனதாகத் தலையாட்டினாள்.

சரிவின் அடியில் முதல் வீடு சந்திரமோகனுடையது. இடுப்பு எலும்பு முறிந்து பின்னறைக் கட்டிலில் கிடந்தவருக்கு, ஜன்னல் வழியே செலின் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. அவர் மனைவி அம்மணி செலினுக்கு வேளை தவறாமல் டீ கொண்டுவந்து தருவாள்.

புல் தலைகாட்டுவதற்குள் மழை முந்திக்கொண்டது. மத்தியானம் வானம் இருட்டியதுமே செலின் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தாள். சரிவை அண்ணாந்து பார்த்தாள். தண்ணீர் துணியின்மேல் வழியாமல் அடியில் புகுந்து ஓடியது. வீட்டுக்கு நேர் மேலே துணி தொந்திபோல் உப்பியிருந்தது. துணி விரித்த அன்று அந்த இடத்தில் மேல்விளிம்பைப் பள்ளம் தோண்டிப் புதைக்க முடியாமல் பாறை தடுத்தது. கல்லை அடுக்கி அழுத்தினால் போதும் என்று விட்டவள் அவளேதான்.

வீட்டுக்குள் ஓடினாள். "அக்கா, அண்ணனக் கூட்டிக்கிட்டு உடனே வெளிய வாங்க!"

சந்திரமோகன் அசையவில்லை. "நக்கோம்மா, வேணாம். ஒவ்வொரு முளையா நீ அடிச்சதப் பாத்தவன் நான். அது நிக்கும். எனக்குப் பயமில்ல."

வாசலில் மைதிலியும் அக்கம்பக்கத்தாரும் குடையோடு கூடிவிட்டார்கள். தப்பு தன்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த ஊரில் இனி யாரும் தன்னை நம்பிச் சரிவு தரமாட்டார்கள் என்று செலினுக்குத் தெரிந்தது. மேலே ஏதோ கல் உருண்டது.

"நிக்காதுண்ணே" என்றாள். "மேல நான் சரியாப் பொதைக்கல. என் வேல தப்பாப் போச்சு. எந்திரிங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. கையை நீட்டினார். இரண்டு பேர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

செலின் கிளம்பும்போதே போனில் சொல்லியிருந்தபடி, அவள் கணவன் தனசிங் அதற்குள் டிராலி ஆட்டோவில் மண்மூட்டைகளோடு வந்துவிட்டான். இருவரும் பக்கவாட்டுப் படியேறி, வழுக்கும் பாறையில் தவழ்ந்து, மூட்டைகளைச் சாய்வாக அடுக்கித் தண்ணீரை வெறும் பாறைப் பக்கம் திருப்பப் பார்த்தார்கள்.

"துணியக் கிழிச்சு விடும்மா!" கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்.

"கிழிச்சா மொத்தமும் வந்துரும்!" என்றாள் செலின்.

கடைசி மூட்டையை வைக்கும்போது தொந்தி வெடித்தது. சேறு ஜன்னலை உடைத்துக்கொண்டு பின்னறைக்குள் பாய்ந்து கட்டிலை மூடியது. செலின் பாறையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தபோது அந்த ஒரு பாகம்தான் போயிருந்தது. தண்ணீர் திரும்பிவிட்டதால் மற்றதெல்லாம் துணியோடு நின்றது.

சங்கக் கூட்டத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டாள். பாறையுள்ள பகுதிக்குக் கல்சுவர் கட்டினார்கள். நின்ற பகுதியில் புல் அடர்த்தியாக வந்தது. அதனால் அதை அவளிடமே விட்டார்கள். சேற்றை வாரிய நாட்களில் அவளும் தனசிங்கும் மண்வெட்டியோடு போய் நின்றார்கள். அம்மணி டீ தரவில்லை. ஒரு நாள் மட்டும், "நீ மட்டும் ஒத்துக்காம இருந்திருந்தா அவரு எந்திரிச்சிருக்கவே மாட்டாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சந்திரமோகன் கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். மேகம் கூடினால் செலினுக்குப் போன் வரும். "வந்து பாத்துச் சொல்லும்மா. நாங்க இருக்கட்டுமா, கெளம்பட்டுமா?"

அவள் வேலையைப் போட்டுவிட்டுப் போய், மேல்விளிம்பை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, பதில் சொல்வாள்.